கடலில் கரைத்த இரும்பு

இந்தி பேசும் நகரங்களில் வளரும் பிள்ளைகளுக்கு 'லோஹா' என்னும் சொல் நன்கு தெரிந்திருக்கும். இரும்பு என்பது அதன் பொருள். தமிழில் வழங்கும் 'உலோகம்' என்பதும் அதே வடசொல்லின் வழி வந்ததுதான். ஆனால், தமிழில் அது இரும்பை மட்டும் குறிக்காமல் பொன், செம்பு, ஈயம் என எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராகிவிட்டது.

2009ஆம் ஆண்டு சனவரித் திங்களில், தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் துறைமுகத்திலிருந்து 'போலார்ஸ்டெர்ன்' என்னும் செருமானிய ஆய்வுக்கப்பல் தெற்கு நோக்கிப் புறப்பட்டது. துருவ விண்மீன் என்பது அப்பெயரின் பொருள். இந்தியாவையும் செருமனியையும் சேர்ந்த அறிவியலாளர்கள் அதில் இருந்தனர். கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனமும், செருமனியின் ஆல்ஃபிரட் வெகனர் நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. தலைமை ஏற்றவர்கள் இருவர். ஒருவர் கோவா நிறுவனத்தின் வஜீஹ் நக்வி. மற்றவர் இந்தியாவில் வளர்ந்து செருமனியில் பணியாற்றிய விக்டர் ஸ்மெடாசெக். ஆய்வுக்கு 'லோஹாஃபெக்ஸ்' என்று பெயரிட்டனர். இந்திச் சொல்லான 'லோஹா'வே அப்பெயரின் முதற்பாதி.

கப்பலில் பல டன் இரும்பு சல்பேட்டு ஏற்றப்பட்டிருந்தது. அதை நீரில் கரைத்துக் கடலில் விடுவதே அவர்களுடைய திட்டம். செய்தி வெளியானதும் எதிர்ப்பு எழுந்தது. கடலுக்கு உரமிடுவது எவ்வகையில் நியாயம், அதனால் வரும் கேட்டுக்கு யார் பொறுப்பு என்று சுற்றுச்சூழல் அமைப்புகள் வினவின. செருமானிய அரசு ஆய்வை நிறுத்திவைத்தது. கப்பல் நடுக்கடலில் இருக்கும்போதே திட்டம் மறுபடியும் ஆராயப்பட்டது. சனவரி இறுதியில்தான் இசைவு கிடைத்தது.

கடலில் இரும்பைக் கரைக்க ஏன் இவ்வளவு முயற்சி? அதைத் தடுக்க ஏன் இவ்வளவு எதிர்ப்பு? இரண்டு வினாக்களுக்கும் விடை ஒரு துளிக் கடல்நீருக்குள் இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத பயிர்

கடலின் மேற்பரப்பில், கதிரவன் ஒளி புகும் ஆழம் வரை, கோடானுகோடி நுண்ணுயிர்கள் மிதக்கின்றன. நிலத்துச் செடிகொடிகளைப் போலவே அவையும் ஒளியைக்கொண்டு உணவு ஆக்குகின்றன. அவற்றுக்கு வேரில்லை, தண்டில்லை, இலையில்லை. ஒவ்வொன்றும் ஒரே ஓர் உயிரணு. நீரோட்டம் இழுத்த இழுப்பில் செல்வதால் இவற்றைத் தாவர மிதவையுயிரிகள் என்பர்.

இவற்றுள் மிகச் சிறியவை நீலப்பசும் பாக்டீரியாக்கள். அவ்வினத்தைச் சேர்ந்த புரோகுளோரோகாக்கஸ் என்பதை ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஏறத்தாழ 1,600 வரை வரிசையாக அடுக்கலாம். வெப்பக்கடல்களில் ஒரு மில்லிலிட்டர் நீரில் ஒரு லட்சம் வரை இருக்கும். உலகில் இவ்வளவு மலிந்து கிடக்கும் உயிரியை 1980கள் வரை எவரும் அறியவில்லை என்பது வியப்பே. அமெரிக்க அறிவியலாளர்களான சாலி சிஸம், ராபர்ட் ஓல்சன் ஆகியோரும் அவர்களுடன் பணியாற்றியவர்களும், லேசர் ஒளியில் உயிரணுக்களை ஒவ்வொன்றாக எண்ணும் கருவியைக் கப்பலில் ஏற்றிச் சென்றபோதுதான் அது புலப்பட்டது. 1988இல் அதனை உலகுக்கு அறிவித்தனர்.

சற்றுப் பெரியவை டயாட்டம்கள். இவை கண்ணாடிக்கு மூலப்பொருளான சிலிக்காவால் தம்மைச் சுற்றி ஓர் ஓட்டைக் கட்டிக்கொள்கின்றன. நுண்ணோக்கியில் பார்த்தால் மூடியுள்ள சிமிழ்போலத் தோன்றும் அந்த ஓட்டில், துளைகள் கோலப்புள்ளிகளைப் போல ஒழுங்காக அமைந்திருக்கும். காக்கோலித்தோபோர் என்னும் இன்னொரு வகை, சுண்ணாம்புத் தகடுகளை மேலே போர்த்திக்கொள்கிறது. இங்கிலாந்தின் டோவர் கரையில் நிற்கும் வெண்ணிறப் பாறைகள் பெரும்பாலும் அத்தகைய தகடுகள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் படிந்தவையே.

நிலத்திலுள்ள காடு, வயல், புல்வெளி அனைத்தின் எடையோடு ஒப்பிட்டால், இவற்றின் மொத்த எடை நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. ஆயினும் ஓராண்டில் உலக முழுவதும் ஒளிச்சேர்க்கையால் உயிர்ப்பொருளாக மாறும் கார்பனில் ஏறத்தாழ பாதியை இவையே மாற்றுகின்றன. ஆலமரம் நூறாண்டு நிற்கும். மிதவையுயிரியோ ஓரிரு நாளில் இரண்டாகப் பிரிந்து, சில நாளில் இன்னோர் உயிருக்கு இரையாகிவிடும். கையிருப்பு சிறிது, புழக்கம் மிகப் பெரிது.

நெல் மிகுதி, அரிசி குறைவு

ஒளிச்சேர்க்கைக்குக் கார்பன் டை ஆக்சைடு வேண்டும். காற்றின் பத்தாயிரம் மூலக்கூறுகளில் ஏறத்தாழ 4 மட்டுமே அந்த வளி. கடல் தன் மேற்பரப்பின் வழியாக அதனைக் காற்றிலிருந்து கரைத்துக்கொள்கிறது. கடல் முழுவதிலும் கரைந்துள்ள கார்பன், காற்றிலுள்ள கார்பனைப் போல 40 மடங்குக்கும் மேல். அப்படியானால் கடல்வாழ் நுண்ணுயிர்களுக்குக் குறையேது என்று தோன்றும். உண்மை அவ்வளவு எளிதன்று.

கார்பன் டை ஆக்சைடு நீரில் கரைந்தவுடன் நீரோடு சேர்ந்து கார்பானிக் அமிலமாகிறது. கடல்நீர் சற்றே காரத்தன்மை உடையது. ஆதலால் அவ்வமிலம் உடனே பிரிந்து பைகார்பனேட் என்னும் அயனியாகிவிடுகிறது. கடலில் கரைந்துள்ள நூறு கார்பன் அணுக்களை எண்ணிப் பார்த்தால், ஏறத்தாழ 90 அணுக்கள் பைகார்பனேட் வடிவிலும், எஞ்சியவற்றில் பெரும்பகுதி கார்பனேட் வடிவிலும் இருக்கும். கார்பன் டை ஆக்சைடாகவே இருப்பது ஒன்றுகூட இராது.

இதனை நெல்லோடும் அரிசியோடும் ஒப்பிடலாம். களஞ்சியம் நிறைய நெல் உள்ளது. உலையில் இடக்கூடிய அரிசியோ ஒரு கைப்பிடிதான். ஒளிச்சேர்க்கை என்னும் சமையலில் கார்பன் டை ஆக்சைடு மட்டுமே அரிசி. பைகார்பனேட் உமி நீக்காத நெல். நெல் தானாகவே அரிசியாக மாறுவதும் உண்டு. ஆனால், அதற்குப் பல நொடிகள் பிடிக்கும். அதற்குள் உயிரணு பட்டினி கிடக்கும்.

இன்னொரு தடையும் உண்டு. காற்றில் பரவுவதைவிட நீரில் கார்பன் டை ஆக்சைடு ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. மாமரத்து இலையின் முன் காற்று எப்போதும் புதிதாக வந்துகொண்டிருக்கும். நீரில் மிதக்கும் உயிரணுவோ தன்னைச் சுற்றியுள்ள சிறிதளவு வளியை உண்டு தீர்த்துவிட்டால், அடுத்தது வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டும். உடல் சிறுத்திருப்பது இங்கே ஒரு நன்மை. உடல் சிறிதாகச் சிறிதாக, அதன் பருமனோடு ஒப்பிடும்போது உட்கொள்ளும் பரப்பு கூடும். புரோகுளோரோகாக்கஸ் அத்தனை சிறிதாக இருப்பதற்கு இஃது ஒரு காரணம்.

மெதுவாகச் சமைக்கும் நொதி

உயிரணுக்குள் கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துச் சர்க்கரையோடு இணைக்கும் பணியைச் செய்வது ரூபிஸ்கோ என்னும் நொதி. ஐந்து கார்பன் அணுக்கள் கொண்ட ஒரு சர்க்கரைப் பொருளுடன் அது ஒரு கார்பனைச் சேர்க்கிறது. கிடைக்கும் ஆறும் உடனே மூன்று மூன்றாகப் பிரிகின்றன. அம்மூன்றிலிருந்தே மாச்சத்தும் கொழுப்பும் புரதமும் ஆகின்றன. இவ்வழியைக் கண்டறிந்தவர்கள் மெல்வின் கால்வினும் அவருடன் பணியாற்றியவர்களும் ஆவர். அவர்கள் இதற்காக வளர்த்ததும் ஒரு நுண்பாசியையே. கதிரியக்கக் கார்பனை அதற்கு ஊட்டி, அது எந்தப் பொருளில் எப்போது தோன்றுகிறது என்று நொடிக்கணக்கில் பார்த்தனர். கால்வினுக்கு 1961இல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. அதே கதிரியக்கக் கார்பனை டென்மார்க்கின் ஸ்டீமன் நீல்சன் 'கலாத்தியா' கப்பல் பயணத்தில் கடல்நீர்ப் புட்டிகளில் இட்டு, மிதவையுயிரிகள் எவ்வளவு கார்பனை உட்கொள்கின்றன என்று 1950களின் தொடக்கத்தில் அளந்தார்.

உலகின் உணவு அனைத்துக்கும் வாயிலாக நிற்கும் இந்த நொதி, தன் தொழிலில் அவ்வளவு கெட்டிக்காரத்தனம் உடையதன்று. மற்ற பல நொதிகள் ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளை மாற்றிவிடும். ரூபிஸ்கோ ஒரு நொடிக்குச் சிலவற்றையே முடிக்கும். அதனைவிடப் பெரிய குறை, அதற்கு ஆள் அடையாளம் சரியாகத் தெரியாது. கார்பன் டை ஆக்சைடுக்குப் பதிலாக ஆக்சிசனையும் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்தால் உழைப்பும் கார்பனும் வீண்.

இந்தத் தடுமாற்றத்துக்கு ஒரு பழங்கதை உண்டு. ரூபிஸ்கோ தோன்றிய பழங்காலத்தில் காற்றில் ஆக்சிசன் இல்லை என்றே சொல்லலாம். கார்பன் டை ஆக்சைடோ மிகுந்திருந்தது. அன்று அடையாளம் பிரித்தறிய வேண்டிய தேவை எழவில்லை. பிறகு நீலப்பசும் பாக்டீரியாக்கள் ஒளிச்சேர்க்கையின் கழிவாக ஆக்சிசனை வெளியிட்டன. ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன் அது காற்றில் சேரத் தொடங்கியது. இதனால் இரண்டு விளைவுகள் நேர்ந்தன. முதலாவது, ரூபிஸ்கோ தடுமாறத் தொடங்கியது. இரண்டாவது, அதுவரை கடலில் ஏராளமாகக் கரைந்திருந்த இரும்பு, ஆக்சிசனோடு சேர்ந்து துருவாகி அடியில் படிந்துவிட்டது. இன்று இந்தியாவில் வெட்டியெடுக்கப்படும் இரும்புத்தாதுவில் பெரும்பகுதி அவ்வாறான பழங்கடல் படிவுகளிலிருந்தே வருவது. இன்றைய மிதவையுயிரிகளை வருத்தும் இரண்டு தட்டுப்பாடுகளையும் உண்டாக்கியவை அவற்றின் முன்னோர்களே. கப்பல் சுமந்து சென்ற இரும்புக்கும் இந்தக் கதைக்கும் உள்ள தொடர்பு இங்கேதான் தொடங்குகிறது.

பூட்டிய சமையலறை

நொதியை மாற்ற முடியவில்லை. ஆகவே நொதி இருக்கும் இடத்தை உயிரிகள் மாற்றிக்கொண்டன.

நீலப்பசும் பாக்டீரியாவின் முறை இது. அதன் மேலுறையில் சிறு வாயில்கள் உண்டு. அவை ஆற்றலைச் செலவிட்டுக் கடல்நீரிலுள்ள பைகார்பனேட்டை உள்ளே இழுக்கின்றன. பைகார்பனேட் மின்னேற்றம் உடையது. ஆதலால் எண்ணெய்த் தன்மையுள்ள உயிரணுச் சவ்வைக் கடந்து எளிதில் வெளியேறாது. கார்பன் டை ஆக்சைடோ சவ்வைத் தடையின்றிக் கடந்து ஓடிவிடும். எனவே நெல்லாகவே சேர்த்துவைப்பதுதான் அறிவுடைமை. இவ்வாறு உயிரணுக்குள் வெளியில் உள்ளதைப் போலப் பல மடங்கு கார்பன் குவிகிறது.

அரிசி வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான். அதற்கென்று புரதத்தால் ஆன பல பட்டைகள் கொண்ட ஒரு சிறு பெட்டி உள்ளே இருக்கிறது. கார்பாக்சிசோம் என்பது அதன் பெயர். குறுக்களவு ஒரு மில்லிமீட்டரின் பத்தாயிரத்தில் ஒரு பங்கை ஒட்டியது. அதற்குள் ரூபிஸ்கோ நெருக்கமாக அடைக்கப்பட்டுள்ளது. உடன் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்னும் இன்னொரு நொதியும் இருக்கிறது. அதுவே நெல்குத்தும் எந்திரம். அந்நொதியின் விரைவான வகைகள் ஒரு நொடியில் பத்து லட்சம் மூலக்கூறுகள் வரை மாற்ற வல்லவை. உள்ளே வந்த பைகார்பனேட் அங்கேயே கார்பன் டை ஆக்சைடாகி, வெளியே தப்பும் முன் ரூபிஸ்கோவின் கையில் சிக்குகிறது. சுற்றிலும் கார்பன் டை ஆக்சைடே நிறைந்திருப்பதால் நொதி ஆக்சிசனை நாடித் தடுமாறுவதும் குறைகிறது.

பெட்டிக்குள் இருக்க வேண்டிய எந்திரம் வெளியில் இருந்தால் என்ன ஆகும்? ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில் டீன் பிரைஸ், மர்ரே பேட்ஜர் என்னும் இருவர் இதனைச் சோதித்து 1989இல் வெளியிட்டனர். மனித உடலிலும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ் உண்டு. குருதியிலிருந்து மூச்சுக்காற்றுக்குக் கார்பன் டை ஆக்சைடை மாற்றிவிடும் பணியில் அது உதவுகிறது. அவ்விருவரும் அந்த மனித நொதியை ஒரு நீலப்பசும் பாக்டீரியாவின் உயிரணுச் சாற்றில் தோன்றச் செய்தனர். சேர்த்துவைத்த பைகார்பனேட் எல்லாம் பெட்டியை அடையும் முன்பே கார்பன் டை ஆக்சைடாகிச் சவ்வின் வழியே வெளியேறிவிட்டது. சாதாரணக் காற்றில் வளரும் அவ்வுயிரி, பிறகு மிகுந்த கார்பன் டை ஆக்சைடு ஊட்டினால்தான் வளர முடிந்தது. விரைவான எந்திரம் இருப்பது மட்டும் போதாது, அது எங்கே இருக்கிறது என்பதே பெரிது என்று இந்த ஒரு சோதனை தெளிவாகக் காட்டியது. இதைவிட அழகான சான்று இத்துறையில் அரிது.

டயாட்டம் முதலான பாசிகளில் கார்பாக்சிசோம் இல்லை. அவற்றின் பசுங்கணிகத்துக்குள் ரூபிஸ்கோ ஒன்றாகத் திரண்டு பைரினாய்டு என்னும் உருண்டையாக நிற்கிறது. உலகில் நிகழும் கார்பன் பிடிப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்த உருண்டைகளில்தான் நடைபெறுகிறது என்று மதிப்பிடுகின்றனர். பல டயாட்டம்கள் கார்பானிக் அன்ஹைட்ரேசை உயிரணுவின் வெளிப்புறத்திலும் வைத்துள்ளன. வாசலிலேயே சிறிது நெல்லைக் குத்திக்கொள்வது போன்றது அது.

பொதுவாக அந்த எந்திரத்துக்கு அச்சாணியாக இருப்பது ஒரு துத்தநாக அணு. திறந்த கடலின் மேற்பரப்பில் துத்தநாகமும் அரிது. அது கிடைக்காதபோது ஒருவகை டயாட்டம் காட்மியத்தைப் பயன்படுத்துகிறது என்பதை அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரான்சுவா மொரேலின் குழு கண்டது. காட்மியத்துக்கென்றே அமைந்த அந்நொதியைப் பற்றிய விரிவான செய்தி 2005இல் வெளியானது. காட்மியம் மனிதருக்கு நஞ்சு. சிறுநீரகத்தைக் கெடுக்கும். அத்தகைய பொருளை உயிர்வாழப் பயன்படுத்தும் வேறோர் உயிரை அதற்குமுன் எவரும் கண்டதில்லை. வறுமை எத்தகைய சிக்கனத்தையும் கற்றுத்தரும் போலும்.

கீழே போவது எவ்வளவு?

பிடித்த கார்பன் பிறகு எங்கே செல்கிறது? இதில்தான் பலரும் தவறுகின்றனர். மனிதர் மூச்சுவிடும் ஆக்சிசனில் பாதியைக் கடல் நுண்ணுயிர்களே தருகின்றன என்று எழுதப்படுவதைப் பல இடங்களில் காணலாம். ஓராண்டில் புதிதாக உண்டாகும் ஆக்சிசனில் ஏறத்தாழ பாதி அவற்றால் வருவது உண்மை. ஆனால், அவற்றை உண்ணும் உயிர்களும் சிதைக்கும் பாக்டீரியாக்களும் மூச்சுவிடும்போது அந்த ஆக்சிசன் அநேகமாக முழுவதும் கடலிலேயே செலவாகிவிடும். பிடித்த கார்பனும் அவ்வாறே. பெரும்பகுதி சில நாள்களில் மீண்டும் கார்பன் டை ஆக்சைடாகி மேற்பரப்பு நீரில் கரைந்துவிடுகிறது.

எஞ்சிய சிறுபகுதி மட்டும் கீழே இறங்குகிறது. இறந்த உயிரணுக்களும் கழிவுகளும் பசைபோல ஒட்டித் திரண்டு மெல்ல விழுகின்றன. ஆழ்கடலில் விளக்கின் ஒளியில் பார்த்தால் பனி பெய்வது போலத் தோன்றும். கண்ணாடி ஓடுள்ள டயாட்டமும் சுண்ணாம்புத் தகடுள்ள காக்கோலித்தோபோரும் கனமுடையவை. ஆதலால் அவை விரைவாக இறங்கும். ஆனால், சுண்ணாம்புத் தகடு கட்டும்போது இரண்டு பைகார்பனேட்டில் ஒன்று தகடாகவும் மற்றொன்று கார்பன் டை ஆக்சைடாகவும் மாறும். ஒரு கையால் பிடித்து மறுகையால் விடுவது போன்றது அது. இறங்கும் கார்பனில் பெரும்பகுதியை வழியிலுள்ள உயிர்கள் உண்டு மூச்சாக விட்டுவிடும். எவ்வளவு ஆழத்தில் அது நிகழ்கிறது என்பதே முக்கியம். நூறு மீட்டர் ஆழத்தில் வெளிப்பட்டால் அடுத்த பருவத்திலேயே அது காற்றுக்குத் திரும்பிவிடும். ஆயிரம் மீட்டருக்குக் கீழே வெளிப்பட்டால் ஆழ்கடல் நீர் மேலே வரும் வரை, பல நூற்றாண்டுகள், அங்கேயே தங்கும்.

மேலிருந்து கீழே கார்பனை இறைக்கும் இந்த ஏற்பாட்டை 'உயிரிய இறைப்பு' எனலாம். கிணற்றில் நீர் மேலே வரும், இங்கே கார்பன் கீழே போகும். தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் மூலக்கூறுகளில் கார்பன் டை ஆக்சைடு 280 ஆக இருந்தது. இந்த இறைப்பு இல்லாதிருந்தால் அன்றே 400ஐத் தாண்டியிருக்கும் என்று கணினி மாதிரிகள் காட்டுகின்றன. எனினும் ஒன்றை மறக்கலாகாது. நிலக்கரியும் பெட்ரோலும் எரித்து மனிதர் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் ஏற்கிறது. அது பெரும்பாலும் நீரில் வெறுமனே கரைவதால் நிகழ்வது, மிதவையுயிரிகள் கூடுதலாக உழைத்ததால் அன்று. அவற்றுக்குக் கார்பன் மட்டும் கூடினால் போதாது, வேறு சத்துகளும் வேண்டும்.

அவ்வாறு வேண்டியவற்றுள் ஒன்று இரும்பு. ஒளியைப் பற்றும் உறுப்புகளை அமைக்க இரும்பு இன்றியமையாதது. தேவை மிகச் சிறிது. ஒரு லட்சம் கார்பன் அணுக்களுக்கு ஏறத்தாழ ஓர் இரும்பணு போதும். ஆனால், நிலத்திலிருந்து தொலைவிலுள்ள தென்பெருங்கடலில் அதுவும் கிடைப்பதில்லை. ஒரு கிராம் இரும்பை நூறு கோடிப் பங்காக்கினால், அவற்றில் பத்துப் பங்கு அளவே அங்கே ஒரு லிட்டர் நீரில் இருக்கும். நைட்ரேட்டும் பாசுபேட்டும் நிறைய இருந்தும் அக்கடல் பசுமையின்றிக் கிடப்பது இதனால்தான் என்று அமெரிக்கரான ஜான் மார்ட்டின் 1980களின் இறுதியில் வாதிட்டார். கப்பலின் துருவே அளவைக் கெடுத்துவிடும் என்பதால், அவருக்கு முன் பலர் எடுத்த அளவுகள் நம்பத்தக்கவையாக இல்லை. அவர் மிகத் தூய்மையான முறையில் அளந்தார். கடலிலேயே சோதித்துப் பார்க்க விரும்பிய அவர் 1993இல் காலமானார். அதே ஆண்டின் பிற்பகுதியில் கலபாகசுத் தீவுகளுக்கு அருகே நடந்த முதற்சோதனை அவர் கூறியதை மெய்ப்பித்தது. இரும்பு இட்ட இடத்தில் மிதவையுயிரிகள் பெருகின.

இரும்பு இட்ட பின்

பெருகுவது வேறு, கீழே போவது வேறு. கடலுக்கு இரும்பு உரமிட்டுக் காற்றிலுள்ள கார்பனைக் குறைத்துவிடலாம் என்று சில வணிக நிறுவனங்கள் எண்ணத் தொடங்கியதும், நாடுகள் விழித்துக்கொண்டன. ஆய்வுக்கு அன்றி வேறு நோக்கத்துக்காகக் கடலில் உரமிடக் கூடாது என்று கடல் மாசு பற்றிய இலண்டன் உடன்படிக்கையின் உறுப்பு நாடுகள் 2008இல் தீர்மானித்தன. லோஹாஃபெக்ஸ் புறப்பட்டபோது நிலைமை இவ்வாறு இருந்தது. உரமிட்டால் கார்பன் உண்மையில் ஆழத்துக்குச் செல்கிறதா என்பதே அதன் வினா. 2004இல் ஸ்மெடாசெக் தலைமையில் தென்பெருங்கடலில் நடந்த ஒரு சோதனையில் டயாட்டம்கள் பெருகி, அவற்றின் பெரும்பகுதி ஆயிரம் மீட்டருக்குக் கீழே இறங்கியது. ஆகவே நம்பிக்கை இருந்தது.

தென் அட்லாண்டிக்கில், தன்னைத்தானே சுற்றிக்கொண்டு அதிகம் கலையாமல் நிற்கும் ஒரு பெரிய நீர்ச்சுழலைத் தேர்ந்தனர். அதன் நடுவே 300 சதுர கிலோமீட்டர் பரப்பில் இரும்புக் கரைசலை விட்டனர். முதல் இரண்டு வாரங்களில் மிதவையுயிரிகள் இருமடங்காயின. நீரிலுள்ள கார்பன் டை ஆக்சைடு குறைந்தது. அதற்குமேல் வளர்ச்சி நின்றுவிட்டது. மறுபடியும் இரும்பு இட்டும் பயனில்லை.

காரணம் இரண்டு. அவ்விடத்துச் சிலிக்கா முழுவதையும் அதற்குமுன் இயற்கையாகவே பெருகிய டயாட்டம்கள் எடுத்துத் தீர்த்திருந்தன. ஓடு கட்டப் பொருள் இல்லாததால் புதிய டயாட்டம்கள் தோன்றவில்லை. ஓடில்லாத மென்மையான சிறு பாசிகளே பெருகின. அவற்றைத் துடுப்புக்காலிகள் என்னும் சிறு உயிர்கள் வளர வளர மேய்ந்தன. துடுப்புக்காலிகளைத் தின்ன, இறாலை ஒத்த சற்றுப் பெரிய உயிர்கள் கூட்டமாக வந்தன. இரும்பால் விளைந்த உணவு பல வயிறுகளை நிரப்பியது. அந்த வயிறுகள் எல்லாம் மூச்சுவிட்டன.

கப்பலிலிருந்து அறிவியலாளர்கள் பல ஆழங்களில் பொறிகளை இறக்கி, விழும் துகள்களைச் சேகரித்தனர். உரமிட்ட இடத்துக்குக் கீழே விழுந்ததும், உரமிடாத இடத்துக்குக் கீழே விழுந்ததும் ஏறத்தாழ ஒரே அளவாக இருந்தன. பாசிகள் பிடித்த கார்பனில் மிகப் பெரும்பகுதி மேல்நீரிலேயே மீண்டும் கார்பன் டை ஆக்சைடாகி, அங்கிருந்து பைகார்பனேட்டாகி, பழைய இருப்போடு கலந்துவிட்டது. மார்ச்சு நடுவில் போலார்ஸ்டெர்ன் சிலி நாட்டின் புந்தா அரேனாஸ் துறைமுகத்தை அடைந்தபோது, நீர் மாதிரிகள் நிறைந்த புட்டிகளும், கடலுக்கு இரும்பு உரமிட்டுக் காற்றைத் தூய்மையாக்கும் திட்டத்துக்கு எதிரான வலுவான சான்றும் அதில் இருந்தன. சுற்றுச்சூழல் அமைப்புகள் தடுக்க முயன்ற அந்த ஆய்வே அவர்கள் பக்கத்துக்கு வலுச்சேர்த்தது.